தொண்ணூறு பாகை

முழங்கால் ஒன்று முழுதாக மடங்கினால் நூற்று முப்பத்தைந்து பாகை. சமதரையில் நடக்க அறுபது போதும். படி ஏற எண்பத்தைந்து வேண்டும். பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பவரின் முதுகில் இடிக்காமல் உட்காரத் தொண்ணூறு. தரையில் குந்தி ஒரு வேலை செய்வதென்றால் நூற்றிருபதுக்குக் குறைந்து முடியாது. இவை புத்தகத்திலும் இருக்கின்றன. நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில், மற்றவர்களின் கால்களை மடக்கியும் நீட்டியும் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சென்ற மாதம் என் வலது தோள் இறுகிப்போய் அதே பிரிவுக்கு நோயாளியாகப் போனேன். காத்திருக்கும் வாங்கில் எனக்கு முன்னால் பதினேழு பேர். மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றவில்லை. நான் வேலையில் இருந்த காலத்திலும் அதே விசிறிதான் சுற்றாமல் இருந்தது. என் முறை வந்ததும் ஒரு பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது, தன் கைத்தொலைபேசியை என் மேற்கையில் வைத்து, நூற்றுப் பதினாறு தசம் நான்கு என்றாள். அந்தத் தசம் நான்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதைவிட உறுத்தியது, அவள் நல்ல கையை முதலில் அளக்கவில்லை என்பது. சொன்னேன். முகம் கோணாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு, பிரிவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும், பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள், வேடிக்கையாக இருந்தால் நல்லது என்றாள். வேடிக்கையாக எனக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோகனராஜின் முழங்கால்தான் நினைவில் இருந்தது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அப்பா கண்டி கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதினார். தீப்பெட்டியில் குச்சி குறைந்தாலும் கேட்கிற மனிதர். எண்ணிப் பார்க்கும் வியாதி எனக்கு அவரிடமிருந்து வந்தது. கொழும்பில் பயிற்சி, பதுளையில் கொஞ்சக் காலம், பிறகு கண்டிக்கு மாற்றம். நான் வந்த புதிதில் எங்களிடம் வந்தவர்கள் கள் இறக்கும் கித்துள் மரத்திலிருந்து விழுந்தவர்களும் தேயிலை மலையில் வழுக்கியவர்களும்தான். பின்னர் லீசிங்கில், மாதத் தவணைக்கு, மோட்டார் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பளை வீதியிலிருந்தும் கலஹா வீதியிலிருந்தும் பையன்கள் வரத் தொடங்கினார்கள். எலும்பு வார்ட்டில் பாதிக் கட்டில்களுக்கு மேல் அவர்கள். எல்லாருக்கும் ஒரே வயது போலத் தோன்றும்.

கண்டியில் என் மேலதிகாரி பரமேஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்தவர். தனியாக ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தார். அவர் ஒரு காலைத் தொடுகிற முறையை நான் இன்றைக்கும் கண் முன்னால் பார்க்கிறேன். முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்குவார். குளிர்ந்த கை பட்டால் தசை பயந்துவிடும் என்பார். பிறகு நல்ல காலை எடுப்பார், நோயுள்ள காலை அல்ல. அதை முழுதாக மடக்கி, கோணமானியின் நடுப்புள்ளியை முழங்காலின் வெளிப்பக்கத்தில் வைத்து, ஒரு புயத்தை இடுப்பெலும்புக்கும் மறுபுயத்தைக் கணுக்காலுக்கும் நேராகப் பிடிப்பார். அளவைச் சத்தமாகச் சொல்வார். நோயாளியும் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அது அந்த மனிதனுக்குச் சொந்தமான அளவு, அவன் போய்ச் சேரவேண்டிய இடம், அதை அவன் வாயாலேயே சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். அதன் பிறகே நொந்த கால். அதையும் சத்தமாகச் சொல்லி, அட்டையில் எழுதி, எழுதியதை நோயாளியிடம் காட்டுவார்.

வலிக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எந்த இடத்தில் என்றுதான் கேட்பார். நான் சேர்ந்த வாரத்தில் ஒரு தையற்காரரின் காலைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மடங்குகிறது மிஸ் என்றேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"கொஞ்சம் எண்டால் எத்தினை பாகை, தம்பி?"

அதன் பிறகு அந்தப் பிரிவில் கொஞ்சம் என்ற சொல்லை நான் சாப்பாட்டுக்குக்கூடப் பயன்படுத்தியதில்லை.

மோகனராஜ் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன். வயது இருபத்தாறு. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியாமல் டைல் பதிக்கும் வேலை பழகி, பேராதனை, கண்டி என்று புதுவீடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு காலை வேலைக்கு இறங்கி வரும்போது, வளைவில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வேன் அவனுடைய மோட்டார் சைக்கிளில் மோதியது. வலது தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, முழங்கால் சிரட்டையும் பிளந்திருந்தது. எலும்பு டொக்டர் தொடைக்குள் கம்பி போட்டு, சிரட்டையைக் கட்டி, எங்களிடம் அனுப்பினார். அவனை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். ஒருத்தி மனைவி சுகந்தி, அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. மற்றவன் சுகந்தியின் அண்ணன் செல்வம், கலஹாவில் த்ரீவீல் ஓட்டுபவன். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வீதி வரைக்கும் உள்ள படிகளில் மோகனராஜை முதுகில் சுமந்து வந்தவன் அவன்தான். ஒவ்வொரு முறையும் சுமந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் அவனைக் கெட்டவன் என்று நினைக்கக்கூடாது.

மிஸ் நல்ல காலை மடக்கினார். நூற்று நாற்பது. டைல்காரனின் கால் அப்படித்தான் இருக்கும். நொந்த கால் முப்பத்தைந்து. மோகனராஜ் அந்த இரண்டு எண்ணையும் திருப்பிச் சொல்லிவிட்டு, மீதி எவ்வளவு என்று கேட்டான். நூற்றைந்து என்று நான் சொன்னேன். என் வேகத்தைப் பார்த்துச் சிரித்தான். டைல் கணக்குப் பார்க்கத் தன்னோடு வருகிறீர்களா என்று கேட்டான்.

கெட்டிக்காரன். வலியை விழுங்கிக்கொண்டு செய்வான். பிள்ளை பிறப்பதற்குள் குந்திவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. குந்தாமல் டைல்காரனுக்கு வேலை இல்லை, அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பது வந்தது. அறுபத்தைந்து வந்தது. எண்பதில் ஒரு மாதிரி முட்டிக்கொண்டு நின்று, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தொண்ணூறு. மிஸ் அந்த எண்ணைச் சொன்னபோது வாங்கில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த கிழமை, ஏழு நாள் கழித்து, மோகனராஜின் கால் எழுபதுக்கு மேல் போக மறுத்தது.

வீக்கம் இல்லை, சூடு இல்லை. மிஸ் சிரட்டைக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். தொடைத்தசை கருங்கல் மாதிரி இருந்தது. மிஸ் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குளியலறை மூலையில் டைல் வெட்டும்போது உடையாமல் எப்படி வெட்டுவது என்று விசாரித்தார். விடுதியில் தன் அறையில் மூலை டைல் எல்லாம் பிளந்துபோய் இருக்கிறது என்று சொன்னார். மோகனராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதை வெட்டியவன் மேசனே இல்லை என்றான். இரண்டு கைகளாலும் காற்றில் கோடு போட்டு, முதலில் கீறி, பிறகு எங்கே தட்டவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் கை பேசிக்கொண்டிருக்கும்போதே மிஸ்ஸின் கையில் கால் மெல்ல இறங்கியது. எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூற்றிரண்டு.

மிஸ் சத்தமாக எண்ணைச் சொன்னார். மோகனராஜின் கைகள் காற்றிலேயே நின்றுவிட்டன. அவன் காலைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான், பிறகு முகத்தை மூடிக்கொண்டான்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. வேன் சாரதி பொலிஸ் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டான். இனி நட்டஈட்டு வழக்கு. வேனுக்குக் காப்புறுதி இருக்கிறது, கம்பனி கொடுக்கவேண்டும். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துக் கொடுத்தது செல்வம். சட்டத்தரணி காலைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லவில்லை, அதையும் குறிப்பிடவேண்டும். சொன்னவர்கள் த்ரீவீல் நிறுத்தத்தில் இருந்தவர்கள், நீதிமன்ற வாசலில் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒருவர், தோட்டத்தில் ஏற்கெனவே வழக்கில் தோற்றவர்கள். எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். நீதிபதி பார்க்கிற அன்றைக்குக் கால் எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் காசு. மடங்கிய காலுக்கு ஒன்றும் கிடையாது. முதலில் வழக்கு முடியட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மடக்கிக்கொள்ளலாம்.

மோகனராஜ் மிஸ்ஸிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மடக்கி விடுங்க மிஸ். நான் வாறத நிப்பாட்ட மாட்டேன். ஆனா அந்த அட்டையில மட்டும் எழுதாதீங்க."

மிஸ் கோணமானியைத் துடைத்து மூடினார். அவர் யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஏற்கெனவே துடைத்ததை மறுபடியும் துடைத்தார்.

"தம்பி, நான் கூட்டியும் எழுதமாட்டன், குறைச்சும் எழுதமாட்டன். எழுதாமல் உம்மட காலைத் தொடவும் மாட்டன். நாளைக்கு அந்தக் கம்பி விலகிச்சுதெண்டால், எப்ப, எத்தினை பாகையில எண்டு டொக்டர் கேட்பார். அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?"

மிஸ் இன்னொன்றும் சொன்னார். மடங்குவதை மட்டுமல்ல, மடங்காததையும் எழுதுகிறேன் என்றார். இவன் டைல் வேலை செய்பவன், குந்தமுடியாது, பாரம் தூக்கமுடியாது, படி இறங்கும்போது கால் உதறுகிறது, இத்தனையையும் ஒவ்வொரு தடவையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், வழக்குக்கு அது போதும் என்றார். எழுதவும் செய்தார். அன்றைக்கு அட்டையின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.

ஆனால் தொண்ணூற்றிரண்டும் அதில் இருந்தது. மோகனராஜ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

நோயாளி வராவிட்டால் வீட்டுக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. என்றாலும் மிஸ் என்னை அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போகவேண்டியிருந்தது, மீதிச் சில்லறையும் தரவில்லை. வீதியிலிருந்து லயத்துக்கு எழுபத்தொரு படி. எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஏறும்போது எழுபதுதான் வந்தது, எங்கே பிழைத்தேன் என்று தெரியவில்லை. செல்வம் இந்தப் படிகளில்தான் ஒரு ஆளைச் சுமந்து ஏறினான்.

மோகனராஜ் கதிரையில் உட்கார்ந்து வலது காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தான். காலின் பின்பக்கம் ஒரு பலகை வைத்து, பழைய சேலைத்துண்டால் தொடையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டியிருந்தது. தூக்கத்தில் தன்னை அறியாமல் மடங்கிவிடுகிறது, அதற்காகத்தான் என்று சுகந்தி சொன்னாள். பெட்டிப் பலகை. சீமெந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

நான் என் வேலைக் காலத்தில் எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் அகப்பட்டவை, சீழ் வைத்தவை, துண்டிக்கவேண்டி வந்தவை. அவற்றையெல்லாம் நேராகப் பார்த்தவன், அந்தப் பலகையைப் பார்க்கமுடியாமல் சேலைத்துண்டின் சுற்றுகளை எண்ணினேன். மடங்கத் தயாராக இருந்த கால் அது.

செல்வமும் அங்கே இருந்தான். மரியாதையாக எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். பிறகு சொன்னான்:

"சேர், கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லா மடக்கி விட்டுட்டுப் போயிருவீங்க. மடங்குன காலுக்கு எவன் சல்லி குடுப்பான்? எங்க லயத்துல ஒருத்தர் கோர்ட்டுக்குள்ள நேரா நடந்து போனாரு. வெறுங்கையோட வந்தாரு. என் கண்ணால பாத்தேன்."

"அவருக்கு எது முறிந்திருந்தது?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க. நேரா நடந்தாரு, அதுதான் தெரியும்."

நான் செல்வத்தை விட்டுவிட்டு மோகனராஜிடம் பேசினேன். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி உள்ளே ஒரு பசை ஊறும், அசைத்துக்கொண்டே இருந்தால் இளகும், அசைக்காமல் விட்டால் இறுகும் என்று சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிகிறமாதிரி சொல்ல நினைத்து, சீமெந்தைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்த மாதம் பூசலாம் என்று விடுவாயா என்று கேட்டேன். அவன் தலை குனிந்தது. அது அவனுக்கு விளங்கிவிட்டது. சுகந்திக்கும் விளங்கியது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அடுத்த கோர்ட்டுத் தவணையோட முடிஞ்சிரும்னு லோயர் சொல்றாரு," என்றான் செல்வம். "நாலே கெழமைதான். அதுக்கப்புறம் நானே தூக்கிக்கிட்டு வாறேன் சேர். எவ்வளவு வேணும்னாலும் மடக்குங்க."

நான்கு கிழமை தாமதித்தால் என்ன ஆகும் என்று சுகந்தி என்னைக் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். கஷ்டப்படும், ஆனால் இன்னும் வழி இருக்கும். அதற்குமேல் போகவேண்டாம் என்றேன். நான்கு கிழமையில் முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். லீசிங்காரர்கள் உடைந்த மோட்டார் சைக்கிளுக்கும் தவணைப் பணம் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் பேராசைப்படவில்லை.

அந்தத் தவணை தள்ளிப்போனது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறு நீதிமன்றத்தில் இருந்தார். அடுத்ததும் தள்ளிப்போனது. பிறகு ஓர் ஆவணம் குறைந்தது. பிறகு நீதிபதிக்கு மாற்றம் வந்தது. வழக்கு என்றால் இப்படித்தான், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஒவ்வொரு தவணைக்கும் பலகையோடு போனார்கள், பலகையோடு திரும்பி வந்தார்கள். இதற்கிடையில் பெண்பிள்ளை பிறந்தது.

அவர்கள் மறுபடியும் எங்களிடம் வந்தபோது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுகந்திதான் கூட்டி வந்தாள், செல்வத்துக்குச் சொல்லாமல். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு அவனைக் கட்டிலில் படுக்க வைத்தாள். மிஸ் கையைத் தேய்த்துச் சூடாக்கினார். நல்ல கால் நூற்று நாற்பது. மற்றக் கால் இருபத்தெட்டு. மிஸ் அந்த எண்ணைச் சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மோகனராஜ் வழக்கம் போலத் திருப்பிச் சொன்னான்.

எட்டு மாதம் பாடுபட்டோம். மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாமா என்று எலும்பு டொக்டரைக் கேட்டோம். எலும்பு மறுபடியும் முறியலாம் என்று அவர் தயங்கினார். கடைசியில் நாற்பத்தொன்றில் நின்றது. அதற்குமேல் ஒரு பாகைகூட வரவில்லை. சமதரையில்கூடக் காலை வட்டமாகச் சுழற்றித்தான் நடக்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும், ஏறுகிறவர்கள் ஏசிக்கொண்டு தாண்டுவார்கள். குந்துவது பற்றிப் பேச்சே இல்லை.

மிஸ் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போகும் நாளில் எல்லாருக்கும் வடையும் கேசரியும் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எழுதாமல் மடக்கியிருந்தால் மோகனராஜ் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றார். அதற்கு முன் அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது அட்டையோடு வந்து சாட்சி சொல்லும்படி அழைப்பாணை எனக்கு வந்தது. அனுப்பியது காப்புறுதிக் கம்பனியின் தரப்பு. வெளியில் மூன்று மணித்தியாலம் நின்றேன், உட்கார இடம் இல்லை. உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அதனால் தப்பவும் வழி இல்லை. கம்பனியின் சட்டத்தரணி இளம் பெண். மிகவும் பணிவாகப் பேசினாள். இந்த அட்டையில் தொண்ணூறு என்று இருக்கிறது, சரியா? சரி. அடுத்த முறை தொண்ணூற்றிரண்டு, சரியா? சரி. அதன் பிறகு நோயாளி தானாகவே வரவில்லை, சரியா? சரி. தொடர்ந்து வந்திருந்தால் கால் மடங்கியிருக்குமா?

பெரும்பாலும் நூற்றிருபதைத் தாண்டியிருக்கும் என்றேன். அதுதான் உண்மை. ஏன் வரவில்லை என்பதையும் சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீதிபதி சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. மோகனராஜின் சட்டத்தரணி எழுந்து, இப்போது இவரால் குந்தமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். மிஸ் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மண்டபத்தில் எல்லாரும் கேட்டார்கள். மோகனராஜ் காலை நீட்டிக்கொண்டு வாங்கின் ஓரத்தில் இருந்தான். செல்வம் அவனுக்குப் பக்கத்தில், இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி, முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு வரப் பின்னும் காலம் எடுத்தது. கொரோனாவில் நீதிமன்றக் கதவே மூடிக் கிடந்தது. கடைசியில், மோதியது வேன்தான், எலும்பு முறிந்ததற்கு நட்டஈடு உண்டு, ஆனால் முழங்கால் இறுகியதற்குக் காரணம் வழக்காளி சிகிச்சையைக் கைவிட்டது, அதற்குக் கம்பனி பொறுப்பில்லை என்று முடிவானது. கிடைத்தது செலவுக்கும் கடனுக்கும் சரியாகப் போனது என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்காமல் விட்ட எண்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு.

சாட்சி சொன்ன அன்றைக்கு வாசல் படியில் சுகந்தி என்னை நிறுத்தினாள். பிள்ளை அவள் தோளில் தூங்கியது.

"நீங்க பொய் சொல்லல சேர். அது எங்களுக்குத் தெரியும். ஆனா நீங்க வராம இருந்திருக்கலாம்."

அழைப்பாணை வந்தால் வராமல் இருக்கமுடியாது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருடத் தொடக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நான் வழுக்கப் பார்த்தேன். பழைய டைலைக் கழற்றிவிட்டுச் சொரசொரப்பானது போடவேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். கொத்து வேலை எடுத்துச் செய்யும் மேசன் பாஸ் ஒருவரிடம் சொன்னோம். தனக்கு நேரமில்லை, புருஷனும் மனைவியுமாக ஒரு சோடி இருக்கிறது, சுத்தமான வேலை, அனுப்புகிறேன் என்றார்.

கேற்றைத் திறந்ததும் காலை அடையாளம் கண்டேன், முகத்தை அதற்குப் பிறகுதான். மோகனராஜ் சிரித்தான். உங்கள் வீடு என்று தெரியாது சேர் என்றான். பின்னால் சுகந்தி, கையில் சாந்துக்கரண்டியும் வாளியும், தலையில் துவாய். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளாம், மூன்றாம் வகுப்பு. செல்வம் கொழும்பில் வேலையாம். மாதா மாதம் அவர்களுக்குக் காசு அனுப்புகிறானாம், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லையாம்.

அவர்கள் வேலை செய்கிற முறையைப் பார்க்கக் கதவருகே கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவன் சுவரில் சாய்ந்து, இறுகிய காலை முன்னால் நீட்டி ஊன்றிக்கொண்டு, நூல் பிடித்துக் கோடு போட்டான். ஒரு நீளக் கம்பால் டைலின் மூலையைத் தொட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு தட்டு, அந்தப் பக்கம் அரை நூல் தூக்கு என்று சொன்னான். அவள் குந்தியிருந்து கலவையைப் பரப்பி, டைலை வைத்து, கரண்டிப் பிடியால் தட்டினாள். கண்ணைத் திறந்து வை என்று அவன் ஏசினான். உன் காலைவிட என் கோடு நேராகத்தான் இருக்கிறது என்று அவள் திரும்பிப் பாராமல் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். இந்தப் பகிடியை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. மூலையில் டைல் வெட்டவேண்டி வந்தபோது மட்டும் அவன் அதை வாங்கி, ஜன்னல் திட்டில் வைத்து நின்றபடியே கீறித் தட்டினான். பிசிறில்லாமல் உடைந்தது.

அவள் ஒவ்வொரு வரிக்கும் எழும்பித் தள்ளி உட்காரவேண்டியிருந்தது. முதலில் சும்மா எழும்பினாள். பிறகு தொடையில் கையை ஊன்றி எழும்பினாள். அதன் பிறகு சுவரைப் பிடித்தாள். வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. முப்பத்து நான்கு வருடம் பார்த்த கண்ணுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

மோகனராஜ் கலவை குழைக்கக் கொல்லைப்புறம் போனான். நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை அது. அவன் படி இறங்கிவிட்டானா என்று சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"சேர், ரெண்டு முழங்காலும் நோவுது. ஒரு வருஷமா. படி எறங்குனா குத்துது. கிளினிக்குக்கு வந்தா அன்னைக்கு வேல போயிரும். அவருக்குத் தெரிஞ்சா இந்த வேலையவே விட்டுருவாரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

குளியலறை வாசலில் அவளை உட்கார வைத்து, காலை நீட்டச் சொன்னேன். என் கை குளிர்ந்திருந்தது, தேய்த்துக்கொண்டேன். சிரட்டைக்கு மேல் வைத்து மெல்ல மடக்கினேன். நறநறவென்று உள்ளங்கையில் உணர்ந்தேன். மற்றக் காலிலும் அதேதான். முப்பது வயதைத் தாண்டி எவ்வளவு ஆகியிருக்கும் அவளுக்கு? குந்துகிற வேலையை நிறுத்தவேண்டும் என்பதுதான் இதற்கு மருந்து. அதை எப்படிச் சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொல்லைப்படியில் அந்தக் கால் சுழன்று ஏறும் சத்தம் கேட்டது. சுகந்தி பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் எழுந்து, உள்ளே போய்க் குந்தினாள். வாளியோடு வந்தவன், நோகுதா, வேண்டுமென்றால் மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போமா என்று அவளிடம் கேட்டான்.

"எனக்கென்ன நோவு?" என்றாள். "கலவையக் குடு. இன்னும் அஞ்சு வரிதான்."

நான் எண்ணிப் பார்த்தேன். எட்டு இருந்தது.